ஆமாம், பல்புதான் வாங்கினேன்

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் நான் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு அப்பா குறுக்கிட்டு நிறுத்தியதைப் பற்றி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்து, 'கதை சொல்ற அக்காவுக்கு செம பல்பு' என்று தலைப்பும் போட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது? கதையே ஒரு பல்பைப் பற்றியதுதான் சார். அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கதையை முடிக்க விட்டால்தானே தெரியும்.

வீடியோவில் இருப்பது கடைசி நாற்பது நொடி. அதற்கு முன்னால் நடந்தது இது. நான் வாசித்தது லெமனி ஸ்னிக்கெட் எழுதி ஜான் கிளாசென் படம் வரைந்த 'தி டார்க்', 2013இல் வந்த புத்தகம். லாஸ்லோ என்று ஒரு பையன், அவனுக்கு இருட்டென்றால் பயம். இருட்டு அவன் வீட்டு நிலவறையில் குடியிருக்கிறது. ஒருநாள் ராத்திரி அவன் அறையில் எரியும் குட்டி பல்பு போய்விட, இருட்டே வந்து அவனைக் கூப்பிடுகிறது. நம் வீடுகளில் நிலவறைக்கு எங்கே போவது? நான் பரண் என்று மாற்றிக்கொண்டேன். "பரண்ல ஏறத்தானே முடியும், அக்கா ஏன் இறங்குறான்னு சொல்றீங்க?" என்று ஒரு வாண்டு கேட்டான். சரி என்று ஏணி வைத்தோம். பையன் டார்ச்சோடு ஏணியில் ஏறுகிறான். புத்தகத்தில் பக்கத்தின் முக்கால்வாசி கறுப்பு. அந்த இடத்தில் நான் எப்போதும் வாசிப்பதை நிறுத்திவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஏழு எண்ணியிருப்பேன், பின்னாலிருந்து அந்த அப்பா எழுந்தார். "மேடம், அந்தப் பக்கத்தைத் திருப்புங்க, பசங்க பயப்படுறாங்க."

திருப்பவில்லை. உடனே செல்போன் டார்ச்சைப் போட்டுப் புத்தகத்தின் மேல் அடித்தார். வழவழப்பான தாள் இல்லையா, கறுப்பு முழுக்க வெள்ளையாகப் பளீரென்று மின்னியது. பையனும் தெரியவில்லை, ஏணியும் தெரியவில்லை. முன்வரிசையில் நாலு வயதுப் பாப்பா ஒருத்தி என் புடவை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். பயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை அவள். வெளிச்சம் அடித்த பிறகுதான் அழுதாள். வீடியோவில் இருப்பது அந்த அழுகை மட்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கறுப்புப் பக்கத்தில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் இருக்க விடுங்கள். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்தைத் திருப்பாதீர்கள். மார்ட்டின் வாடெல் 1988இலேயே ஒரு கரடிக் கதை எழுதியிருக்கிறார். இருட்டுக்குப் பயப்படும் குட்டிக்குப் பெரிய கரடி ஒரு விளக்கு கொண்டுவரும். பிறகு அதைவிடப் பெரிய விளக்கு, பிறகு அதையும்விடப் பெரிய விளக்கு. குட்டிக்குத் தூக்கமே வராது. கடைசியில் விளக்கையெல்லாம் விட்டுவிட்டுக் குட்டியை வெளியே இருட்டுக்கே தூக்கிப் போய் நிலாவைக் காட்டும். டார்ச் அடித்த சாருக்கு இதைப் பரிந்துரைக்கிறேன், படம் எல்லாம் அழகாக இருக்கும்.

'இல்லாத பயத்தைப் புகுத்துறீங்க' என்று வீடியோவுக்குக் கீழே நிறைய பேர். அடேயப்பா! ஒரு வாய் சோற்றுக்குப் பூச்சாண்டியைக் கூப்பிடுவது யார்? தூங்காவிட்டால் பிடித்துக்கொண்டு போகச் சாக்குப்பைக்காரனையும், அடம்பிடித்தால் ஊசி போட டாக்டரையும் வரவழைப்பது யார்? நானா, ஜான் கிளாசெனா? வேப்பமரத்துப் பேயை நம்பாதே என்று பட்டுக்கோட்டையார் சின்னப்பயலுக்கு எழுதிய பாட்டு 1961இலேயே படத்தில் வந்துவிட்டது, நாம் இன்னும் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

'இருட்டு கூப்பிட்டா பிள்ளை தனியா போகலாம்னு கத்துக்குடுக்குறீங்களா?' இதையும் கேட்டார்கள். யோசித்தேன். இந்தக் காலத்தில் பெற்றவர்களுக்கு அந்த நினைப்பு வருவது நியாயம்தான். ஆனால் கேட்டவருக்குப் பிள்ளைகள் மேல் இவ்வளவு அக்கறை என்றால் கதை முடியும்வரை உட்கார்ந்திருக்கலாம்.

'இதெல்லாம் வெளிநாட்டுப் பிரச்சனை, நம்ம பிள்ளைங்க அம்மா பக்கத்துலதான் படுக்குது.' படுக்கட்டும். ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் யார் எழுந்து துணைக்குப் போகிறீர்கள்?

2012 நினைவிருக்கிறதா? சென்னைக்காரர்களை விடுங்கள், எங்களைப் போன்ற ஊர்க்காரர்களைக் கேட்கிறேன். கரண்ட் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அப்போது என் மகனுக்கு மூன்று வயது. கரண்ட் போனால் வீடே இடிகிற மாதிரி அலறுவான். அலறல் தொடங்கும் முன்பே மெழுகுவர்த்தி ஏற்றிவிட வேண்டும் என்று தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டே திரிவேன். ஒருநாள் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது, கடையும் சாத்தியாயிற்று. வேறு வழியில்லாமல் அவனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அழுது, விசும்பி, அப்புறம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். மெதுவாகச் சொன்னான்: "அம்மா, பீரோ தெரியுது." கொஞ்ச நேரம் கழித்து, "கொடியில அப்பா சட்டை தெரியுது." கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்று பிறகுதான் படித்தேன். அத்தனை நாளாக அவனுக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்காமல் தீக்குச்சி உரசியவள் நான். ஆகவே அந்த அப்பாவைப் பார்த்து எனக்குக் கோபம் வரக் கூடாதுதான். வருகிறது.

சரி, இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒருவர் வந்து, 'குழந்தைங்களுக்குக் கலர்ஃபுல்லா காட்டுங்க மேடம், கறுப்பு நெகட்டிவ் எனர்ஜி' என்று எழுதியிருக்கிறார். நூற்று முப்பது லைக். நம் சென்னையில் தாரா புக்ஸ் 2006இல் ஒரு புத்தகம் போட்டது, 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்'. கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில், கையாலேயே ஸ்கிரீன் பிரிண்ட் செய்தது. அதைப் பிரித்ததும் பிள்ளைகள் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள், அப்புறம் விரலால் கோடுகளைத் தடவுவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னிடம் நெகட்டிவ் எனர்ஜி பற்றிப் புகார் செய்ததில்லை.

நான் கறுப்பு. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் விடுமுறைக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது கரண்ட் போகும். உடனே மாமா, "எங்கடி இருக்க? கொஞ்சம் சிரி, பார்த்துக்குறோம்" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், அதைத்தானே கேட்டார்கள். எனக்கு இருட்டில் பேய் பயமெல்லாம் இருந்ததே இல்லை. கரண்ட் போனதும் யார் முதலில் அதைச் சொல்லப் போகிறார்கள் என்பதுதான் பயம். கல்யாணத்துக்கு முன் வருடம்வரை சொன்னார்கள்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கீழே எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த டார்ச் வெளிச்சம் புத்தகத்தைத் தாண்டி என் முகத்திலும் விழுந்தபோது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தது வீடியோவில் கேட்கிறது. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்று தெரியாது. இருபது தடவை போட்டுக் கேட்டுவிட்டேன்.

பாய் சுருட்டும்போது புடவையைப் பிடித்திருந்த பாப்பா அம்மா கையை விட்டுவிட்டு வந்தாள். "அக்கா, அந்த அண்ணன் ஏணியிலயே நிக்கிறானா?" எனக்கு இருந்த எரிச்சலில், "அடுத்த வாரம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

வரும் ஞாயிறு மாலை நாலு மணி, அதே இடம். முதலிலிருந்து தொடங்கப் போவதில்லை, அந்தப் பக்கத்தைத்தான் விரிக்கப் போகிறேன். கதையில் பல்பு நிலவறை அலமாரியின் கடைசி இழுப்பறையில் இருக்கிறது, நாங்கள் அந்த அலமாரியைப் பரணுக்குக் கொண்டுபோக வேண்டும், வேலை நிறைய இருக்கிறது. அந்த சாரும் மகனைக் கூட்டிக்கொண்டு தாராளமாக வரலாம். போனை மட்டும் வாசலில் கொடுத்துவிடச் சொல்கிறேன்.