பள்ளங்கள் யாவும் மூடப்பட்டன

(மூணாறு மலையில், நடைபாதையைச் சீரமைக்க நடக்கும் ஒரு தன்னார்வ முகாம். நவீன் அதற்கு வெளியூரிலிருந்து வந்தவர், செல்லத்தாய் அந்த மலையைச் சேர்ந்தவர்.)

செல்லத்தாய்: தம்பி, இந்தப் பாதையின் குறுக்கே நேற்று மாலைவரை ஒன்பது கான்கள் இருந்தனவே, அவற்றை எந்தப் புண்ணியவான் மண் போட்டு மூடினார்?

நவீன்: நான்தான் அம்மா. ஆனால் பெருமை முழுவதும் என்னைச் சேராது. குழுவிலிருந்த மற்ற நால்வரும் கல் சுமந்து உதவினார்கள். நடந்து வருகிறவர்கள் கால் இடறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, காலை ஆறரை மணிக்கே தொடங்கி ஒவ்வொரு பள்ளத்திலும் மண்ணையும் சரளையையும் நிரப்பி, மேலே ஏறி மிதித்துச் சமப்படுத்தியிருக்கிறோம். இனிமேல் இந்தப் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம்.

செல்லத்தாய்: கண்ணைத் திறந்துகொண்டு நடக்கிற எங்களுக்கு அவை பள்ளங்களாகத் தெரிந்ததே இல்லை. மேல்சரிவிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர் பாதையையே ஓடையாக்கிக்கொண்டு ஓடாமல், அங்கங்கே அதைப் பிடித்துப் பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடுவதற்காகக் கல்லைச் சாய்வாகப் பதித்து வெட்டிய கான்கள் அவை.

நவீன்: அந்தச் சாய்வை நாங்களும் கவனித்தோம் அம்மா. கல்வரிசை கோணலாக இருந்ததால், வெட்டியவருக்கு அளவு தெரியாமல் போயிருக்கவேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

செல்லத்தாய்: வெட்டியவர் என் வீட்டுக்காரர். நேர்குறுக்காக வெட்டினால் தண்ணீர் அங்கேயே தயங்கி நின்று வண்டலை இறக்கிவிடும், இரண்டு மழையில் கான் தானாகவே தூர்ந்துபோகும். சாய்த்து வெட்டினால், ஓடுகிற தண்ணீரே வண்டலையும் சருகையும் அடித்துக்கொண்டு போய் வெளியே கொட்டிவிடும். அப்படியும் ஆண்டுக்கொரு முறை வாய்ப்பக்கத்தைத் தோண்டிச் சுத்தம் செய்யவேண்டும். அந்த வேலைக்குத்தான் நீங்கள் வருகிறீர்கள் என்று எங்களிடம் சொன்னார்கள்.

நவீன்: வேலைக்கு முன்பும் வேலைக்குப் பின்பும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்கள். இது முன்பு, இது பின்பு. எவ்வளவு மாற்றம்!

செல்லத்தாய்: முன்பு என்று சொன்ன படத்தை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். அதைப் பார்த்துத்தான் பழையபடி செய்யவேண்டும்.

நவீன்: நீங்கள் இன்னும் முழு வேலையைப் பார்க்கவில்லை. கான் இருக்கட்டும், பாதையே பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால், மூன்றடி அகலத்துக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்வு. இது எவ்வளவு ஆபத்து என்று பதறிப்போய், உள்பக்கத்தை வெட்டி வெளிப்பக்கத்தில் போட்டு மட்டமாக்கிவிட்டோம். அதோடு நிற்காமல், யாரும் உருண்டு விழக்கூடாதென்று வெளிவிளிம்பு நெடுகிலும் ஒரு சாண் உயரத்துக்கு வரப்பும் எழுப்பியிருக்கிறோம்.

செல்லத்தாய்: கானையும் மூடி, தண்ணீர் வழிந்துபோக இருந்த வாட்டத்தையும் எடுத்து, மிச்சமிருக்கிற வழியை வரப்பு போட்டும் அடைத்துவிட்டீர்கள். இனி நாற்று நடுவது ஒன்றுதான் பாக்கி.

நவீன்: நெல்லா? இவ்வளவு உயரத்தில் விளையுமா அம்மா?

செல்லத்தாய்: நீங்கள் செய்து வைத்திருக்கிற வேலைக்கு விளைந்தாலும் விளையும்.

(எழுதுகிறவர் இரு தரப்புக்கும் நடுவில் நிற்கவேண்டும் என்பது முறைதான், ஆனால், மலைப்பாதையைக் கெடுப்பது நடக்கிற கால்களைவிட ஓடுகிற தண்ணீர்தான் என்ற ஒரே ஒரு செய்தியைச் சொல்லிக்கொடுக்காமல், முகாமின் முதல் நாள் முழுவதையும் அறிமுக விளையாட்டுக்கும் பெயர் அச்சடித்த பனியன் வழங்குவதற்கும் செலவிட்டவர்களைப் பார்த்த பிறகு நடுவில் நிற்பது கடினமாக இருக்கிறது.)

நவீன்: நீங்கள் தண்ணீரைச் சொல்லிக் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்று காலையில் எவ்வளவு அருமையான வெயில்!

செல்லத்தாய்: ஐப்பசி மாதத்துக் காலை வெயிலை நம்பி இந்த மலையில் வெற்றிலைகூடக் காயவைக்கமாட்டார்கள். மதியத்துக்கு மேல் இடி இடித்துக்கொண்டு வரும். தம்பி, இந்தக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் இரயில் ஓடியது, தெரியுமா? மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும். அங்கிருந்து அவை கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போய்ச்சேரும். 1924ஆம் ஆண்டு மழையில் அந்த இரயில்பாதையையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு யாரும் மறுபடி போடவே இல்லை. அவர்களுடைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099 என்பதால், மலையாளத்தார் அதை இன்றைக்கும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றுதான் சொல்கிறார்கள். தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு போன தண்ணீர், உங்கள் ஒரு சாண் வரப்பைக் கண்டு திரும்பிப் போய்விடுமா?

நவீன்: அந்தக் காலத்தில் இப்படி வரப்பு போட்டிருக்கமாட்டார்கள் அம்மா.

செல்லத்தாய்: உண்மைதான். அந்தக் காலத்தில் இவ்வளவு துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை.

நவீன்: இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே இருக்கிற மூன்று கொண்டை ஊசி வளைவுகளிலும் தேவையில்லாமல் சுற்றிச் சுற்றி இறங்கவேண்டியிருந்தது. நடுவில் நேராகப் படி வெட்டிவிட்டோம். நல்ல வேளையாக, அங்கே ஏற்கெனவே ஆட்கள் இறங்கிய தடம் ஒன்று இருந்தது. பத்து நிமிட நடை மிச்சமாகிறது.

செல்லத்தாய்: மிச்சமாகிறது தண்ணீருக்கு. அதுவும் வளைந்து வளைந்து இறங்கிச் சலித்துப்போய்த்தான் இருந்தது. அந்தத் தடத்தில் யாரும் இறங்கக் கூடாதென்று முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தோமே, அது எங்கே?

நவீன்: அது உண்ணிச்செடி அம்மா. வெளிநாட்டிலிருந்து வந்து நம் காட்டை அழிக்கிற செடி. பார்த்தவுடனே அப்புறப்படுத்திவிட்டோம்.

செல்லத்தாய்: உயிரோடு நிற்கிற உண்ணிச்செடி இந்தச் சரிவு முழுக்க மண்டிக் கிடக்கிறது; அதில் ஒரு குச்சியையும் நீங்கள் தொடவில்லை. வெட்டுப்பட்டுக் காய்ந்து, முதல் முறையாக ஊருக்கு ஓர் உபகாரம் செய்துகொண்டிருந்ததை மட்டும் நாடு கடத்திவிட்டீர்கள்.

நவீன்: அதையும் படம் எடுத்திருக்கிறேன்.

செல்லத்தாய்: முன்பு எடுத்தீர்களா, பின்பு எடுத்தீர்களா?

நவீன்: பின்பு மட்டும்தான்.

செல்லத்தாய்: அப்படியானால் அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சரி, இத்தனைக்கும் உங்களுக்கு நாட்கூலி எவ்வளவு?

நவீன்: கூலி எதுவும் இல்லை அம்மா, இது தன்னார்வப் பணி. நாங்கள்தான் ஒரு வாரத்துக்குக் கட்டணம் செலுத்தியிருக்கிறோம். உணவு, கூடாரம், காப்பீடு, சான்றிதழ் எல்லாம் அதில் அடங்கும்.

செல்லத்தாய்: பணம் கட்டியா இதைச் செய்தீர்கள்?

நவீன்: ஆமாம். முன்கூட்டியே பதிவு செய்தால் கொஞ்சம் தள்ளுபடியும் உண்டு.

செல்லத்தாய்: 2015 செப்டம்பரில் இதே மூணாறில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற நாங்கள் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தோம். 232 ரூபாய் நாட்கூலி போதவில்லை, 20 விழுக்காடு போனஸ் வேண்டும் என்று கேட்டோம். பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் எங்கள் பக்கத்தில் அண்டவிடவில்லை. அன்றைக்கு, பணம் கட்டிவிட்டு மண்வெட்டி பிடிப்பதற்கு வெளியூரில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது மட்டும் நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தால், எங்கள் கதை என்னவாகியிருக்கும்!

நவீன்: நீங்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள். நாங்கள் மலைக்கு எதையாவது திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம்.

செல்லத்தாய்: அட்டைக்குக் கொடுத்துவிட்டீர்கள், உங்கள் கணுக்காலில் இரத்தம் வழிகிறது. பிடுங்காதீர்கள், உப்பு வைத்தால் தானாக விழும். ஆனால், பணம் கட்டியா?

நவீன்: ஆமாம் என்றுதானே சொன்னேன் அம்மா. நீங்களும் இந்த முகாமுக்காகத்தானே வேலை செய்கிறீர்கள்?

செல்லத்தாய்: என்னைச் சோறு பொங்குவதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பாதையைப் பற்றிச் சொல்லித்தர உங்களோடு வந்திருக்கிறவர், எனக்குக் கானைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

நவீன்: எங்கள் பயிற்சியாளரா? என்ன பதில் சொன்னீர்கள்?

செல்லத்தாய்: சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெரிந்ததை அவரிடம் கேட்பதுதானே மரியாதை?

நவீன்: அப்படியென்றால் நீங்களே எங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கலாமே?

செல்லத்தாய்: எடுக்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொல்லுங்கள். இத்தனை பாதை இருக்க, உங்கள் ஆட்கள் இந்தப் பாதையை ஏன் பிடித்தார்கள்?

நவீன்: இதன் முனையில் நின்றால் தேனிப் பக்கத்துச் சமவெளி முழுவதும் காலடியில் விரியும், சூரியோதயத்துக்கு அதைப்போல் வேறு இடமில்லை என்றார்கள். மலையேறுகிறவர்கள் அதிகமாக வருகிற பாதையும் இதுதான்.

செல்லத்தாய்: தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற டாப் டிவிஷன் லயத்திலிருந்து டிஸ்பென்சரிக்கு இறங்குகிற பாதை ஒன்று இருக்கிறது. பிரசவ வலி எடுத்தவளைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குகிற பாதை அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில்தான் போய்வருகிறார்கள். அதில் பாதிக் கான் தூர்ந்துபோய், ஆடி மழையில் பாதையே முழங்கால் ஆழத்துக்கு அரித்துக் கிடக்கிறது. ஆனால் அங்கே நின்றால் சூரியோதயம் தெரியாது. லயத்துக் கழிப்பறைதான் தெரியும்.

நவீன்: அங்கே மலையேற்றக்காரர்கள் வருவதில்லை என்பதால் விட்டிருப்பார்கள்.

செல்லத்தாய்: நடக்கிறவர்கள் எல்லாரும் மலையேற்றக்காரர்களாக இருக்கவேண்டுமா, தம்பி? 2020 ஆகஸ்ட் 6 அன்று இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயத்தின் மேல் விழுந்து 70 பேர் போனார்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை. இரவில் நடந்தது விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது, அதுவும் ஆள் நடந்து போய்ச் சொல்லித்தான் தெரிந்தது. எங்களுக்குப் பாதை என்பது அதற்கு.

நவீன்: (சற்று நேரம் பேசாமலிருந்து) அடுத்த முகாமை டாப் டிவிஷன் பாதையில் வைக்கச்சொல்லி அமைப்பாளர்களிடம் கேட்கட்டுமா, அம்மா?

செல்லத்தாய்: கேளுங்கள். ஆனால் ஐப்பசியில் வேண்டாம், சித்திரையில் வாருங்கள். கானைத் தூர்வாரவேண்டியது இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னால்தான். அப்போது வெயில் சுடும், மேகம் காலடியில் மிதக்காது, படம் நன்றாக வராது. இவ்வளவையும் அறிவிப்பிலேயே எழுதிவிடச் சொல்லுங்கள்.

நவீன்: அப்படி எழுதினால் யார் பணம் கட்டி வருவார்கள்?

செல்லத்தாய்: ஒருவரும் வரமாட்டார்கள். அப்போது வேறு வழியில்லாமல் கூலி கொடுத்து எங்கள் ஆட்களைக் கூப்பிடுவார்கள், வேலையும் நடந்துவிடும். சரி, பேசிக்கொண்டே இருந்தால் இடி முந்திக்கொள்ளும். சாப்பிட்ட கையோடு ஒன்பது கானையும் தோண்டி எடுக்கவேண்டும். மற்ற நால்வரையும் கூப்பிடுங்கள். வரப்பை உடைப்பதற்கு இரண்டு பேர் போதும்.

நவீன்: அடுத்த முறை நானும் வருகிறேன் அம்மா, உண்மையாகவே.

செல்லத்தாய்: வாருங்கள். ஆனால் கூலி பேசிக்கொண்டு வாருங்கள். கூலி வாங்குகிறவனாக இருந்தால் வாய் நிறையத் திட்டி வேலை வாங்கலாம். பணம் கட்டி வந்த பிள்ளையைத் திட்டுவதற்கு எனக்கு நாக்கு கூசுகிறது.

நவீன்: அப்படியானால், இவ்வளவு நேரமாக நீங்கள் பேசியது?

செல்லத்தாய்: அது விளக்கம்.