கை கழுவாத ஓசிடி

வேண்டாத எண்ணம் விடாமல் வந்து பயமுறுத்தும், அந்தப் பயம் தணிய எதையாவது திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும், இதுதான் ஓசிடி என்கிற மனநோய். ஆனால் ஓசிடி என்றதும் எல்லோருக்கும் கை கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும்தான் ஞாபகம் வருகிறது. மேசையில் பேனாவை நேராக வைப்பவர்கூட "எனக்குக் கொஞ்சம் ஓசிடி" என்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். நிஜமாகவே ஓசிடி இருப்பவருக்கு வேறு நோயின் பெயரை எழுதி, வேறு மருந்தைக் கொடுத்து வருடங்களைக் கரைக்கிறோமே, எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

புதிதாகக் குழந்தை பெற்ற ஒரு தாய். குழந்தையைத் தண்ணீரில் அமுக்கிவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பயந்துபோய்க் குளிப்பாட்டுவதையே விட்டுவிடுகிறாள், கத்தியை எடுத்து ஒளித்து வைக்கிறாள், ராத்திரி முழுக்க "நான் அப்படிப்பட்டவளா?" என்று மனசுக்குள் விசாரணை நடத்துகிறாள். இதை வாய்விட்டுச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் உடனே சைக்கோசிஸ் (நிஜம் எது என்ற பிடி தளர்ந்துபோகும் மனநிலை) என்று முடிவுகட்டிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் பலர் சொல்வதே இல்லை. சைக்கோசிஸில் அந்த எண்ணம் அவர்களுக்கே நியாயமாகப் படலாம், குரல்கள் கேட்கலாம். அது அவசர சிகிச்சைக்கான விஷயம். ஓசிடியிலோ அந்த எண்ணத்தைக் கண்டு முதலில் நடுங்குவது அவள்தான். இத்தனைக்கும் இப்படிப்பட்ட வேண்டாத எண்ணங்கள் நோயில்லாதவர்களுக்கும் வருவதுண்டு என்று உளவியலாளர்கள் ராக்மேனும் டி சில்வாவும் 1978-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கும், எழுதிய எழுத்தைத் தாள் கிழியும்வரை அழிக்கும், பரீட்சையைப் பாதியில் நிறுத்தும். கவனம் இல்லை, ஏடிஎச்டி என்கிற கவனக்குறைபாடு என்று விடுகிறோம். உண்மையில் அந்தப் பிள்ளையின் கவனம் முழுக்க "சரியாகப் படித்தேனா" என்பதிலேயே மாட்டிக்கொண்டிருக்கலாம். (இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும், அது தனிக் கதை.) ஆட்டிசத்தோடும் குழப்புகிறார்கள், அங்கே திரும்பத் திரும்பச் செய்வது பெரும்பாலும் ஆறுதல் தரும், இங்கே பயம்தான் செய்ய வைக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட முடியாது. "உனக்கு ஒன்றும் ஆகாது" என்று வாராவாரம் தைரியம் சொல்லும் கவுன்சிலிங், ஓசிடிக்காரருக்குப் பயம் தணியத் திரும்பத் திரும்பச் செய்யும் இன்னொரு சடங்காகிவிடும். அவருக்கு வேண்டியது, பயத்தை எதிர்கொண்டு சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் ஈஆர்பி என்ற சிகிச்சை. மருந்தும் அப்படித்தான், மனச்சோர்வுக்குத் தரும் அதே மாத்திரையாக இருந்தாலும் ஓசிடிக்குப் பல சமயம் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம்.

அதனால் டாக்டரிடம் போகும்போது என்ன செய்கிறீர்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். அதைச் செய்யாவிட்டால் என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ, எவ்வளவு அசிங்கமாகத் தோன்றினாலும் சரி, அதையும் சொல்லுங்கள். வாயில் வரவில்லையென்றால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள்.