கடல் பார்க்கப் போன தோட்டத்து பஸ்

"தோட்டத்துச் சனம் கையில நாலு காசு சேர்ந்தாப் போதும், பஸ் பிடிச்சு ட்ரிப் போய் அழிச்சிரும்." இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னது. அவரும் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர்தான். அந்த நேரம் எனக்கு வாய் வரவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் முதன்முதலில் கடலைப் பார்த்ததே அப்படி ஒரு ட்ரிப்பில்தான். 2002இல் போர்நிறுத்தம் வந்தது. மறுவருசம் ஆகஸ்ட் லீவில் தோட்டத்தில் எங்கள் டிவிசனே திருகோணமலைக்குக் கிளம்பியது. எட்டு மாதம் சீட்டுப் பிடித்த காசு. அரிசி, தேங்காய், அண்டா, விறகு எல்லாம் பஸ்ஸுக்குள். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். மாத்தளை முத்துமாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று போனோம். எங்கள் சனம் இந்தியாவிலிருந்து வந்து 200 வருசமானதை நினைத்து 2023இல் நடந்த மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது: பூட்டன்மார் கால் தேய மலையேறிய வழியில் ஒரு துண்டை நாங்கள் எதிர்த்திசையில், பாட்டுப் போட்டுக்கொண்டு கடந்திருக்கிறோம்.

கோணேசர் கோயில், கோட்டைக்குள் மேயும் மான்கள், கன்னியாவின் ஏழு கிணறுகள் (விறகில்லாமல் வெந்நீர்!) எல்லாம் ஓட்டமாகப் பார்த்தோம். நிலாவெளியில்தான் நின்றோம். ஆகஸ்டில் எங்கள் பக்கம் மழையும் மூடுபனியும். அங்கே கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கொழுந்து மலையில் சறுக்கலில் இறங்குவது போலவே ஒவ்வொரு காலாக வைத்துத் தண்ணீருக்குள் இறங்கினார். திரும்பும்போது, வீட்டிலிருந்த அப்பாயிக்காக ஒரு சோடாப் போத்தலில் கடல் தண்ணீர். அப்பாயி விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அட்டைக்கடிக்கு நல்லாருக்கும்" என்றார். மறுநாள் அம்மா அதைக் காலில் தடவிக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

அப்புறம் சுனாமி, மறுபடி சண்டை, என் படிப்பு, கொழும்பு வேலை. 2024 ஆகஸ்டில்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பப் போக முடிந்தது. இந்த முறை வேன், ஏசி ரூம், காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பன். ஏசியில் அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. சாயந்தரம் மணலில் உட்கார்ந்தவரை, வேறொரு ஹோட்டல் காவலாளி வந்து "இந்தப் பக்கம் கெஸ்ட்டுக்கு மட்டும்" என்று எழுப்பிவிட்டார். அலை வந்து நனைக்கிற மணலுக்கு இவர்கள் எங்கே காணி உறுதி எழுதினார்கள்? நான் குரல் உயர்த்த, அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் பக்கம் துரை பங்களாக்கள் ஹோட்டலாகிவிட்டன. லீவுக்கு வருகிறவர்கள் கூடை சுமக்கும் பெண்களை நிறுத்திப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். அதே பெண்கள் நாலு நாள் லீவு போட்டுக் கடல் பார்க்கப் போனால் ஊதாரிகளாம். நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அதில் மிச்சம் பிடித்துப் போகிறார்கள். சரி, கடன் வாங்கியே போகட்டுமே. கடன் வாங்கிச் சடங்கு வைத்தால் மொய் எழுதச் சிரித்த முகத்தோடு வருகிறோம் இல்லையா? பஸ்ஸில் சாராயம் ஓடுவதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ட்ரிப்பைத் திட்டாதீர்கள்.

அந்தக் காவலாளி எழுப்பிவிட்ட மறுநாள் காலை அறையில் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், ரோட்டோரம் மர நிழலில் ஒரு பஸ். மூன்று கல் வைத்து அண்டா ஏற்றியிருந்தார்கள். அம்மா "எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டிருக்கிறார், அவர்கள் மஸ்கெலியாப் பக்கம் என்றிருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் போனபோது திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டுக்குக் கூப்பன் இருக்கும்மா" என்றேன்.

"நீ போய்ச் சாப்பிடு தம்பி" என்றார், தலையைத் தூக்காமலே.