பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

விபத்தில் காயமா? "பொலிசில் என்ட்ரி போட்டாச்சு, வழக்கு முடிந்ததும் நட்டஈடு தானாக வரும்" என்று கொழும்பில் சுற்றும் வட்ஸ்அப் தகவல் தவறு. நீதவான் விதிக்கும் தண்டப்பணம் அரசுக்குத்தான் போகும். சிகிச்சைச் செலவு, இழந்த சம்பளம் முழுவதையும் கோர மாவட்ட நீதிமன்றில், கொழும்பென்றால் புதுக்கடையில், தனி வழக்கு வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி அதைத் தொடர விபத்து நாளிலிருந்து 2 வருடம்தான் அவகாசம். பொலிஸ் வழக்கு இழுபட்டாலும் இந்தக் கணக்கு நிற்காது.

தோள் காயத்தில் இன்னொரு வில்லங்கம்: தசைநார் கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது. "எலும்பு முறிவில்லை" என்ற துண்டு மட்டும் கையிலிருந்தால், ஆறு மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "வயசுத் தேய்மானம்" என்று தள்ளிவிடுவார். கை தலைக்கு மேல் எழவில்லை என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள். உங்கள் பக்கமும் கவனக்குறைவு இருந்தால்? 1968இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி தொகை குறையுமே தவிர, வழக்கு விழாது.