கன்பூசியஸ் கோயில் 1966-இல் தரைமட்டமானதா?

சீனாவின் சூஃபூ நகரிலுள்ள கன்பூசியஸ் கோயிலைச் செங்காவலர்கள் (மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக்கால இளைஞர் படையினர்) 1966-இல் முற்றாக இடித்துவிட்டதாகவும், இன்று இருப்பது சுற்றுலாவுக்காகக் கட்டிய நகல் என்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுகிறது. இது தவறு.

அந்த ஆண்டு நவம்பரில் பெய்ஜிங்கிலிருந்து வந்த செங்காவலர்கள் சிலைகளை உடைத்தார்கள், கல்வெட்டுகளைச் சிதைத்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள். அந்தக் கொடுமையைக் குறைத்துச் சொல்வதும் உண்மைக்குப் புறம்பானதே. ஆனால் 1724-இல் தீக்கிரையானபின் எழுப்பப்பட்ட, கோயிலின் முதன்மைக் கட்டடமான தாச்செங் மண்டபம், முகப்பில் நாகங்கள் புடைத்து நிற்கும் பத்துக் கல்தூண்களோடு இன்றும் நிற்கிறது. கன்பூசியஸ் கல்லறையில் 1443-இல் நாட்டப்பட்டு, செங்காவலர்களால் நொறுக்கப்பட்ட கல்லைத் துண்டுகளைச் சேர்த்தே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். ஒட்டிய விரிசல்கள் வெளிப்படையாகத் தெரிகின்றன.

சீன அரசின் பார்வை ஒரே நிலையில் இருந்ததில்லை என்பதே கவனிக்க வேண்டியது. 1961-இல் இவ்விடத்தைத் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த அதே அரசின் காலத்தில்தான் ஐந்தே ஆண்டுகளில் அழிவு நிகழ்ந்தது; 1982-இல் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1994-இல் கோயிலும் கல்லறையும் குடும்ப மாளிகையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சூஃபூவுக்கான பக்கத்தில் எவரும் இதைச் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் பகிராதீர்கள்.