கக்கனுக்கு அஞ்சலி எழுதுகிறவர்களே, அவர் பார்த்த வேலையை எழுதுங்கள்

அந்த அஞ்சலி அட்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் நட்பு வட்டத்திலேயே பாதிப் பேர் பகிர்ந்துவிட்டார்கள். மேலே காமராஜர் காலத்து அமைச்சர் கக்கனின் படம். கீழே அவர் நோயாளியாகப் படுத்திருந்த மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டு, எம்.ஜி.ஆர். வந்து பார்த்தது, கண்கலங்கியது. கடைசி வரியில் "மேட்டூர் அணையைக் கட்டிய மாமனிதர்". தவறு என்று ஒரு தம்பி கமெண்ட்டில் பணிவாகச் சொன்னார். "நல்லவரைப் பற்றி நல்லதுதானே சொல்கிறோம், அதிலும் குறை காண வேண்டுமா?" என்று அவர் மேல் பாய்ந்தார்கள். எனக்கு அட்டையைவிட அந்தப் பதில்தான் வலித்தது.

மேட்டூர் அணையின் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. கட்டியது வெள்ளைக்கார அரசு. ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில்தான் இன்றும் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம். அன்றைக்குக் கக்கன் இருபதுகளில் இருந்த இளைஞர். அவர் அமைச்சரானது 1957 ஏப்ரலில். இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக்கூட ஒரு மனிதருக்காக ஒதுக்க முடியாதென்றால் அதற்கு அஞ்சலி என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்?

இன்னொரு வரியும் வருடா வருடம் வருகிறது. "இரண்டு வேளாண் பல்கலைக்கழகங்களைத் தொடங்கியவர்." தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது 1971-இல். காங்கிரஸ் ஆட்சி போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது. மதுரை வேளாண் கல்லூரி 1965-இல் வந்தது, அது கல்லூரி. கக்கன் வேளாண் துறையைப் பார்த்தது 1962 மார்ச்சிலிருந்து 1963 அக்டோபர் வரை. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒட்டவில்லை என்பது தெரிந்துவிடும்.

சரி, அவர் என்னதான் செய்தார்? இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். 1952 முதல் 1957 வரை மக்களவை உறுப்பினர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். 1957-இல் காமராஜரின் எட்டுப் பேர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையும், அன்றைக்கு அரிசன நலம் என்று பெயரிட்டிருந்த துறையும் அவரிடம். 1962-இல் வேளாண்மை. 1963 அக்டோபரில் பக்தவத்சலம் முதல்வரானபோது உள்துறை. பத்து ஆண்டு தொடர்ச்சியாக, மாநிலத்தின் கனமான இலாகாக்கள்.

பொதுப்பணித் துறை என்றால் அன்றைக்கு அணையும் கால்வாயும்தான் அதன் உயிர். மணிமுத்தாறு, சாத்தனூர், கிருஷ்ணகிரி, வைகை எல்லாம் முடிந்து தண்ணீர் தேங்கியது அவர் அந்த நாற்காலியில் இருந்தபோது. இங்கேயும் கவனமாக எழுத வேண்டும். ஓர் அணை ஒரே ஆளால் வருவதில்லை. முதலில் ஆய்வு, பிறகு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு, நில எடுப்பு, டெண்டர், கட்டுமானம், திறப்பு. இதற்குள் இரண்டு மூன்று ஆட்சி மாறிவிடும். கீழ்பவானியை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. ஓமந்தூரார், குமாரசாமி ராஜா, ராஜாஜி, காமராஜர் என்று நான்கு முதல்வர்களின் கையெழுத்து அதில் இருக்கிறது. ஆகவே யாருக்கு அஞ்சலி எழுதினாலும் மூன்று தேதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள்: ஒப்புதல் எப்போது, வேலை தொடங்கியது எப்போது, திறந்தது எப்போது. அவர் பதவியில் இருந்த காலம் இதில் எதன் மேல் விழுகிறதோ அதை மட்டும் எழுதுங்கள். "கட்டினார்" வேறு, "அவர் பொறுப்பில் கட்டி முடிக்கப்பட்டது" வேறு.

வைகை அணைக்கு இரண்டாவதுதான் பொருந்தும். கக்கன் அமைச்சராக வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1959 ஜனவரி 21 அன்று காமராஜர் திறந்துவைத்தார். 111 அடி உயரம், 71 அடிக்குத் தண்ணீர் தேக்கலாம். அணை வருவதற்கு முன் முல்லைப் பெரியாற்றிலிருந்து சுரங்கம் வழியாக வந்த தண்ணீர் வைகையில் இறங்கி, பேரணை என்ற தடுப்பணையில் திருப்பிவிடப்பட்டு, பெரியாறு பிரதானக் கால்வாயில் ஓடும். நடுவில் தேக்கிவைக்க இடமில்லை. வருகிறபோது பயன்படுத்தியாக வேண்டும், மிஞ்சினால் ஆற்றோடு போகும். வைகை அணை வந்த பிறகுதான் அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து, நாற்றங்காலுக்கு எப்போது, நடவுக்கு எப்போது என்று கணக்குப் போட்டுத் திறக்க முடிந்தது.

அந்தக் கால்வாயின் கடைசிப் பகுதி எது தெரியுமா? மேலூர். அரசாணைகளில் வருடா வருடம் வரும் எண்ணைச் சொல்கிறேன்: பெரியாறு பிரதானக் கால்வாயின் கீழ் ஒருபோகப் பாசனம், அதாவது வருடத்துக்கு ஒரே விளைச்சல் எடுக்கும் நிலம், 85,563 ஏக்கர். தண்ணீர் திறக்கச் சொல்லி மேலூர் விவசாயிகள் மனுக் கொடுக்காத ஆண்டு இல்லை. மேல்மடைக்காரர் ஷட்டரை இரண்டு அங்குலம் கூடுதலாகத் தூக்கிவிட்டால் கால்வாயின் கடைசியில் இருக்கும் கடைமடைக்கு, முறை வைத்து விடும் தண்ணீர் நாலு நாள் தள்ளிப்போகும். அங்கே கதிர் பிடிக்கிற நேரத்தில் நாலு நாள் என்பது ஒரு வருட உழைப்பு. கக்கன் பிறந்த தும்பைப்பட்டி இந்த மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து வந்த ஒருவர், அந்தக் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்கும் அணை முடிகிறபோது அந்தத் துறைக்கே அமைச்சராக இருந்தார். இதைவிட அஞ்சலிக்கு என்ன வரி வேண்டும்? உண்மை கையில் இருக்கும்போது மேட்டூரைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

"எளிமையைத்தானே சொல்கிறார்கள், இன்றைய அரசியல்வாதிகளுக்கு அது பாடமில்லையா" என்று கேட்பீர்கள். பாடம்தான். அந்த மருத்துவமனை நிகழ்ச்சியை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கொஞ்சம் யோசியுங்கள். அதே 1957 அமைச்சரவையில் சி. சுப்பிரமணியம் இருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பசுமைப் புரட்சி என்கிறார்கள். ஆர். வெங்கட்ராமன் இருந்தார். கிண்டி தொழிற்பேட்டை என்கிறார்கள். அதே மேசையில் அதே வரிசையில் உட்கார்ந்திருந்த கக்கனுக்கு மட்டும் கட்டில், வார்டு, கண்ணீர். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர் என்றால் இரக்கப்பட மட்டும்தான் நமக்குத் தெரியுமா? அவருடைய நிர்வாகத்தைப் பாராட்ட நமக்கு வார்த்தை வராதா? பத்து ஆண்டு அமைச்சராகக் கோப்புகளைப் பார்த்த ஒரு மனிதரை வருடா வருடம் ஒரு நோயாளியாகவே படுக்கவைத்திருக்கிறோம். எனக்கு இது ஆறவே இல்லை.

ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாதிருந்த மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8 அன்று நடந்த நுழைவையும் இப்படித்தான் எழுதுகிறார்கள். காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் "அழைத்துச் சென்றார்" என்று ஒரு வரி. அவர் செய்தது பெரிய காரியம், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் உள்ளே போன கக்கனும் மற்றவர்களும் தங்கள் காலால் நடந்து போனவர்கள். வழக்கு வந்தால், ஊரில் அடி விழுந்தால், அது அவர்கள் மேல்தான் விழும். நுழைவில் பங்கெடுத்தவர்களைக் காப்பாற்ற ராஜாஜி அரசு தனியாகச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. உள்ளே போனவர்களின் பெயரையும் எழுதுங்கள், "அவர்கள் நுழைந்தார்கள்" என்று எழுதுங்கள்.

நேர்மை என்றால் அதற்கும் எழுத ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் 1964-இல் உருவானது. உள்துறை அமைச்சர் கக்கன். இதையும் "கக்கன் தொடங்கினார்" என்று எழுதிவிடாதீர்கள். முதல்வர் பக்தவத்சலம், தில்லியில் ஊழல் தடுப்பு பற்றிச் சந்தானம் குழு பேசிக்கொண்டிருந்த காலம். "அவர் உள்துறை அமைச்சராக இருந்தபோது உருவானது" என்று எழுதினால் யாரும் அசைக்க முடியாது.

"இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது, நாங்கள் என்ன ஆராய்ச்சியாளர்களா?" வேண்டாம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மானியக் கோரிக்கை நாட்களைத் தேடுங்கள். அமைச்சர் தன் துறைக்குப் பணம் கேட்டுப் பேசுவதும், அந்தப் பணத்தைக் குறைக்கச் சொல்லி எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுத்து மடக்குவதும், அதற்கு அவர் சொல்லும் பதிலும் அங்கேதான் இருக்கும். ஒருவர் அமைச்சராக எப்படி இருந்தார் என்பதை அறிய அதைவிட நல்ல இடம் கிடையாது. அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் மக்களவை விவாதங்களும் இணையத்திலேயே இலவசம். பழைய தேர்தல் முடிவுகள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தொகுதிவாரியாக இருக்கின்றன.

பிளக்ஸ் அடிக்கிற தம்பிகளுக்கும் இரண்டு வார்த்தை. நினைவு நாளுக்கு முந்தின ராத்திரி கடைக்குப் போனால் அவர்கள் போன வருடத்துக் கோப்பைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றுவார்கள், அதனால்தான் பிழையும் வருடா வருடம் கூடவே வருகிறது. அவர் மறைந்தது 1981 டிசம்பர் 23. நடப்பு ஆண்டிலிருந்து 1981-ஐக் கழித்தால் எத்தனையாவது நினைவு நாள் என்பது வந்துவிடும், ஒன்று கூட்டக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். பழைய நூலில் உள்ள படத்தை ஸ்கேனரில் வைத்து அங்குலத்துக்கு 600 புள்ளி (600 dpi) அடர்த்தியில் எடுங்கள். உங்கள் படங்களை அவர் படத்தைவிடச் சின்னதாகப் போடுங்கள்.

"இவ்வளவு சொல்கிறீர்களே, 1965-ஐயும் எழுதச் சொல்வீர்களா?" ஆமாம், எழுதுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு முழுக்கத் துப்பாக்கிச் சூடு நடந்தபோது போலீஸ் அவர் துறையின் கீழ் இருந்தது. பொள்ளாச்சியில் செத்தவர்களின் வீடுகளில் அந்த அரசைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1967-இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் அவர் தோற்றார், அந்தக் கோபத்துக்கும் அதில் பங்குண்டு. இதைச் சொன்னால் அவர் சிறுத்துவிடுவார் என்று பயப்படுகிறவர்கள் அவரைக் குழந்தையாக நினைக்கிறார்கள். அவர் அமைச்சர். பாராட்டும் கேள்வியும் சேர்ந்துதான் அமைச்சருக்கு மரியாதை.

கமெண்ட்டில் என்னைத் திட்டலாம். அந்தத் தம்பியைத் திட்டாதீர்கள். மறுப்பு இருந்தால் ஆண்டையும் ஆவணத்தையும் போடுங்கள், நான் சொன்னதில் பிழை இருந்தால் அன்றைக்கே பதிவில் திருத்துகிறேன்.