காவல் கேட்டுக் கிளம்பினோம், துணை கிடைத்தது

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் யாராவது வெளியூர் கிளம்பினால் 121-ஆம் சங்கீதம் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." காலேஜுக்கு, பட்டாளத்துக்கு, வளைகுடா வேலைக்கு, எல்லாவற்றுக்கும் இதே சங்கீதம்தான். எனக்கும் மனப்பாடம். ஆனால் அதை நாம் சொல்லுகிற விதத்தைப் பற்றி ரொம்ப நாளாக மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் இதை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். "நான் ஏற வேண்டிய பஸ்ஸைத் தவற விட்டேன். அந்த பஸ் வழியில் கவிழ்ந்துவிட்டது. கர்த்தர் என்னைக் காத்தார்." உடனே ஒரு அல்லேலூயா. சொல்லுகிறவருடைய நன்றியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பார், அவரும் தலையில் கை வைத்து ஜெபித்துத்தான் அனுப்பியிருப்பார். அவர்களை அந்தச் சாட்சியில் எங்கே வைப்பது? விசுவாசம் என்பது விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு என்றால், விபத்து நடந்த வீட்டுக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

120 முதல் 134 வரை உள்ள பதினைந்து சங்கீதங்களுக்கும் 'ஆரோகண சங்கீதம்' என்றுதான் தலைப்பு. எருசலேமுக்கு மலையேறிப் போன யாத்திரிகர்கள் பாடியவை என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அதாவது 121-ஆம் சங்கீதம் நடந்துபோகிறவர்களின் பாட்டு. அதில் வெயில் இருக்கிறது, இரவு இருக்கிறது, தள்ளாடும் கால் இருக்கிறது. வழி எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்கள் பாடியது.

பவுலும் அப்படித்தான். 2 கொரிந்தியர் 11-இல் தன் பிரயாணங்களைப் பற்றிச் சொல்லும்போது, "ஆறுகளால் வந்த மோசங்களிலும், கள்ளரால் வந்த மோசங்களிலும்" என்று வரிசையாக அடுக்குகிறார். மூன்று தரம் கப்பற்சேதம் வேறு. இன்றைய துருக்கியில், பெர்கேயிலிருந்து பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவுக்குப் போக டாரஸ் மலைகளைத் தாண்ட வேண்டும். பவுலோடு வந்த மாற்கு என்னும் யோவான் பாதியில் விட்டுத் திரும்பிப் போனது பெர்கேயில்தான். ஏன் போனான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்லவில்லை. அந்த மலைகளின் படத்தைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் கோபமே வரவில்லை.

'ஆறுகளால் வந்த மோசங்கள்' என்ற அந்த வார்த்தைகளை சிறுவயதில் பலமுறை வாசித்திருக்கிறேன். மனதில் ஒட்டியதே இல்லை. எங்கள் ஊர் தேரிக்காட்டுப் பக்கம், ஆற்றில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்க ஓடுவோம். அது எனக்குப் புரிந்தது, நண்பன் ஒருவனோடு பைக்கில் போன மணாலி–லே சாலையில்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இமாசலப் பிரதேசத்து மணாலியிலிருந்து லடாக்கிலுள்ள லே வரை 400 கிலோமீட்டருக்கு மேல். 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோதாங் கணவாயின் சிரமத்தை மிச்சப்படுத்திவிட்டது. அதற்கப்புறம் தாண்டி என்ற ஊர். சந்திராவும் பாகாவும் அங்கே கூடுகின்றன, அந்தத் தண்ணீர்தான் கீழே செனாப். அங்கே உள்ள பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று பல வருடங்களாக ஒரு பலகை இருந்தது. அதன் முன் நின்று போட்டோ எடுக்காத பைக் ஓட்டிகள் குறைவு. பலகைக்கு அப்பால் கணவாய்கள் ('லா' என்றால் கணவாய்): பாரலாச்சா லா, நகீ லா, லாச்சுலுங் லா, 5,300 மீட்டரைத் தொடும் தங்லங் லா. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கோடைகாலத்துச் சில மாதங்கள்தான் பாதை திறந்திருக்கும். நடுவில் பெரும்பகுதிக்கு சிக்னல் கிடைப்பதே அபூர்வம்.

பல இடங்களில் பனி உருகி வரும் ஓடைகள் சாலையின் குறுக்கே ஓடும். விடியற்காலையில் கணுக்கால் அளவுதான். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் அதே ஓடை முழங்காலைத் தாண்டி இழுக்கும். அடியில் உருண்டைக் கல். கிளட்ச்சை விட்டால் வண்டி நின்றுவிடும், காலை ஊன்றினால் ஐஸ் தண்ணீர். ஒரு மண்சரிவு சரியாகும்வரை காத்திருந்ததில் ஜிங்ஜிங்பார் பக்கம் போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. அங்கே ஓடையின் நடுவில் என் வண்டி நின்றது. எதிரே வந்த லாரியிலிருந்து இரண்டு பேர் கேட்காமலே இறங்கித் தண்ணீருக்குள் வந்து தள்ளினார்கள். கரையேற்றிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்கள். பவுலின் அந்த வரி அன்றுதான் எனக்கு அர்த்தமானது.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று இரவு நடந்தது.

சார்ச்சுவில் டென்டில் தங்கினோம். ஏறக்குறைய 4,300 மீட்டர். உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று முந்தின நாள் ஜிஸ்பாவில் தங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, முறையாகத்தான் வந்திருந்தோம். இருந்தாலும் என் நண்பனுக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி. பத்து மணிக்கு மேல் வெளியே போக எழுந்தவனால் நேராக நடக்க முடியவில்லை. கால் தள்ளாடியது. உயரமான இடத்தில் அந்தத் தள்ளாட்டம் மோசமான அறிகுறி, உடனே கீழே இறங்க வேண்டும் என்று படித்திருக்கிறேன்.

சார்ச்சுவின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் அதைவிட உயரமான கணவாய்கள். கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் 4,900 மீட்டர் அளவில் இருக்கும் பாரலாச்சாவுக்கு ஏற வேண்டும். இருட்டில், பைக்கில், அந்த நிலைமையில் அவனைக் கூட்டிப் போக வழியே இல்லை.

"அவர் உன் காலைத் தள்ளாடவொட்டார்." அதே 121-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனம். வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் இருவருக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். இப்போது என் கண் முன்னால் அவன் கால் தள்ளாடுகிறது. நான் ஜெபித்தேன். நல்ல ஜெபம் என்று சொல்ல முடியாது. பயமும் கோபமும் கலந்து என்னவோ சொன்னேன்.

டென்ட் நடத்திய அம்மாள் லாஹூல் என்ற அந்த மலைப்பகுதிக்காரர், பௌத்தர். அவனை ஒரு தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் என்னைப் பிடிக்கச் சொல்லி, உள்ளே கொண்டுவந்தார். படுக்க விடாமல் உட்கார வைத்தார். யாரிடமோ கேட்டு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிவந்தார். விடியும்வரை எங்களோடுதான் உட்கார்ந்திருந்தார், கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருந்தது. லேயிலிருந்து மணாலிக்கு வெறும் லாரியாகத் திரும்பிக்கொண்டிருந்த காஷ்மீரி டிரைவர் ஒருவர் பக்கத்து டென்டில் இருந்தார். அவரை எழுப்பிப் பேசியதும் அந்த அம்மாள்தான். இருட்டு விலகுமுன் டிரைவர் இரண்டு பைக்கையும் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி வண்டியை எடுத்தார். ஓடைகளில் தண்ணீர் குறைவாக இருக்கும் நேரம் அது. பாரலாச்சா ஏறி, இறங்கி, கேலாங் ஆஸ்பத்திரி வாசலில் விட்டார். பணம் கொடுத்தேன். வாங்காமல் என் கையை மடக்கிவிட்டார்.

கேலாங் 3,100 மீட்டர்தான். சாயங்காலத்துக்குள் அவன் டீ கேட்டான்.

இப்போது இதையே சாட்சியாகச் சொன்னால், "கர்த்தர் எங்களுக்காக ஒரு லாரியை அனுப்பினார்" என்று முடிக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சாலையோரம் நெடுக நினைவுக் கற்கள் இருக்கின்றன, இறந்துபோன டிரைவர்களுக்கும் சிப்பாய்களுக்கும் தொழிலாளிகளுக்கும். எங்களுக்கு அனுப்பியவர் அவர்களுக்கு அனுப்பவில்லை என்றா சொல்லுவது? நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அன்று இரவு நாங்கள் தனியாக இல்லை. 23-ஆம் சங்கீதமும் மரண இருளின் பள்ளத்தாக்கைச் சுற்றிப் போகும் வேறு வழி ஒன்றைக் காட்டவில்லை. "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று மட்டும் சொல்லுகிறது. இதை நான் ஒரு சின்ன ஆறுதலாக எண்ணவில்லை. அந்த டென்டுக்குள் அதைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

இன்னொன்று, இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. அன்று எங்களைத் தூக்கியவர்களில் கிறிஸ்தவர் ஒருவரும் இல்லை. நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், எப்போதும் நம்மையே சமாரியனாக நினைத்துக்கொள்கிறோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் பாதை வனாந்தரத்தின் வழியாக ஆயிரம் மீட்டர் சரிகிற வழி. அங்கே குற்றுயிராய்க் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் விலகிக் கடந்து போனார்கள். தன் சுயவாகனத்தில் ஏற்றியவன், யூதர்கள் தங்களோடு சேர்க்காத ஆள். அந்த உவமையில் என் இடம் சாலையில் கிடந்தவனுடைய இடம் என்று எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது அந்த லாரியின் கேபினில்தான். இயேசு அந்தக் கதையைச் சொன்னது நாம் உதவி செய்யக் கற்றுக்கொள்ள மட்டுமல்ல என்று நம்புகிறேன். யார் கையிலிருந்தும் தேவனுடைய இரக்கத்தை வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

சாலை போடுகிறவர்களையும் சொல்லாமல் விட முடியாது. பிஆர்ஓ என்று எல்லோரும் சொல்லும் எல்லைச் சாலைகள் அமைப்பு 1960-இல் தொடங்கியது. வேலை செய்கிறவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறவர்கள். முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, நமக்கு மூச்சு வாங்குகிற உயரத்தில் கல் உடைத்துத் தார் காய்ச்சுகிறார்கள். "கரடுமுரடானவை சமமாக்கப்படும்" என்று ஏசாயா 40-ஐ கிறிஸ்துமஸ் காலத்தில் அழகாக வாசிக்கிறோம். அதைச் சமமாக்குகிற கை எப்படி வெடித்திருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். மிஷனெரிகளுக்காகவும் பிரயாணிகளுக்காகவும் ஜெபிக்கிற நம் சபைகளில், அவர்கள் போகிற சாலையைப் போடுகிறவர்களுக்காக ஒரு வரி ஜெபம் நான் கேட்டதே இல்லை. ஏன்?

சரி, கேலாங்குக்கு வருகிறேன். நண்பன் தேறும்வரை அங்கே தங்கினோம். அந்த ஊருக்கு ஒரு பழைய கிறிஸ்தவ வரலாறு உண்டு என்பது எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும், அங்கே உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ஜெர்மனியின் மொராவிய சபை என்ற பழைய புராட்டஸ்டண்ட் சபையிலிருந்து வில்லியம் ஹைடே, எட்வர்ட் பாகெல் என்று இருவர் 1853-இல் கிளம்பினார்கள். அவர்கள் போக நினைத்தது மங்கோலியாவுக்கு. ரஷ்யா வழி கிடைக்கவில்லை. இந்தியா வழியாக வந்தார்கள், திபெத்துக்குள் விடவில்லை. வழி அடைபட்ட இடத்திலேயே, 1856-இல் கேலாங்கில் வீடு கட்டினார்கள். மறுவருடம் வந்து சேர்ந்த யேஷ்கே என்பவர்தான் திபெத்திய மொழிக்குப் பெரிய அகராதி செய்தவர். பாகெல் பின்னாளில் பூ என்ற மலைக்கிராமத்துக்குப் போய், 1883-இல் அங்கேயே இறந்தார். ஹைடே ஐம்பது வருடம் கழித்து, 1903-இல்தான் ஜெர்மனி திரும்பினார்.

மங்கோலியாவை அவர்கள் பார்க்கவே இல்லை. ஐம்பது வருடத்தில் சபையில் சேர்ந்தவர்களும் மிகக் குறைவு. நம் கன்வென்ஷன் மேடைகளில் ஏற்றக்கூடிய கணக்கு அல்ல. ஹைடேயின் மனைவி மரியா அங்கிருந்த பெண்களுக்குப் பின்னல் வேலை சொல்லிக்கொடுத்தார். லாஹூல் பெண்கள் இன்றும் பின்னுகிற கம்பளிக் காலுறைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. லேயில் 1885-இல் தொடங்கிய மொராவிய சபை இன்றும் ஆராதனை நடத்துகிறது. ஹைடே திரும்பிய அதே 1903-இல்தான் நம் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது, வெள்ளாளன்விளை அசரியா போன்றவர்கள் முன்னின்று. அங்கிருந்து போனவர்களும் தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் பக்கம், தெரியாத பாஷைக்குள், தெரியாத பாதையில்தான் போனார்கள்.

அப்போஸ்தலர் 16-இல் பவுல் பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார். "ஆவியானவரோ அவர்களைப் போகவொட்டாதிருந்தார்." காரணம் சொல்லப்படவில்லை. வழி அடைபட்டதைத் தோல்வி என்றோ, விசுவாசக் குறைச்சல் என்றோ லூக்கா எழுதவில்லை. ஆனால் இன்று நம்மில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால், வேலை கிடைக்காமல் போனால், கல்யாணம் தட்டிப்போனால், "இன்னும் விசுவாசித்து ஜெபிக்க வேண்டும்" என்கிறோம். வழி திறக்கிற தேவனை மட்டும் நமக்குத் தெரியும். அடைபட்ட இடத்தில் ஐம்பது வருடம் கூடவே இருக்கிற தேவனை நாம் பிரசங்கிப்பதே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் நம் சபைகளில் பாதிப்பேர் ஏதோ ஒரு கேலாங்கில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்த்து, 'மங்கோலியா நிச்சயம்' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் அந்தத் தடவை லே போகவில்லை. கேலாங்கிலிருந்தே மணாலி திரும்பிவிட்டோம். இவ்வளவு தூரம் போய்விட்டு வருத்தமாக இல்லையா என்று நிறையப் பேர் கேட்டார்கள். இருந்தது, இன்னும் இருக்கிறது. வருகிற சீசனில் மறுபடி கிளம்புகிறோம், அவனும் வருகிறான். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான். சார்ச்சுவில் அந்த அம்மாளைத் தேட வேண்டும், லேயில் ஒரு ஞாயிறு அந்தச் சபையில் உட்கார வேண்டும். கேலாங்கில் கூடுதலாகத் தங்குவதற்கும் இப்போதே லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.